பூ வண்டி

காரில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கார் உள்ளவர்கள் ஓட்டக் கற்றுத் தருவது என்று தேவாலயத்தில் முடிவானது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். டைரலுக்குப் பல் டாக்டரின் வெள்ளைக் கார் விழுந்தது. ஜமாயாவுக்குப் பூ வண்டி.

சவ ஊர்வலத்தில் சவப்பெட்டி ஏற்றிய பெட்டி வண்டிக்குப் பின்னால் மலர் வளையங்களை ஏற்றிப் போகும் நீண்ட கறுப்புக் கார் அது. சவ அடக்கக் கம்பெனிக்காக ரோஷெல் அதை ஓட்டினாள். முப்பது வயது. கறுப்புக் கோட்டும் வாயில் சூயிங்கமும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. ஊர்வலம் இல்லாத நாட்களில் வண்டி கொட்டகையில் பூட்டிக் கிடக்கும். ஆகவே யாராவது செத்தால்தான் ஜமாயாவுக்கு வகுப்பு.

"இந்த வாரம் கிளாஸ் உண்டா மிஸ் ரோஷெல்?"

"வேண்டிக்கோ. பதினாறாம் தெருவுல ஒரு பெரியவர் இழுத்துக்கிட்டுக் கெடக்காரு."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க."

"நான் சொல்லலேன்னா எழுந்து டான்ஸ் ஆடப் போறாரா?"

ஜமாயாவுக்குப் பதினேழு. அம்மா பஸ்ஸில் வேலைக்குப் போய் பஸ்ஸில் திரும்புகிறவள். அம்மா காலத்தில் பள்ளியிலேயே ஓட்டக் கற்றுக்கொடுத்தார்களாம். அம்மா அந்த வகுப்பில் தூங்கினாளாம். இப்போது அந்த வகுப்பே இல்லை. எலக்ட்ரீஷியன் சங்கம் ஜமாயாவைப் பயிற்சிக்கு எடுத்திருந்தது. கட்டடங்கள் எழும்பும் இடங்களுக்கு மில்வாக்கியின் எந்தப் பஸ்ஸும் போவதில்லை. கம்பெனி வேனைத் தானே ஓட்டிப் போக வேண்டும். ஜூன் பிறப்பதற்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வசந்தம் முழுக்க அவள் செத்தவர்களின் பின்னால் ஓட்டினாள்.

ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வரும். பட்டப்பகலில் எல்லா வண்டிகளும் விளக்கைப் போட்டுக்கொள்ளும். முடிவெட்டும் கடையிலிருந்து ஆண்கள் வெளியே வந்து தொப்பியைக் கழற்றி நிற்பார்கள். பஸ் ஒதுங்கும். மேலே சிக்னல் சிவப்பாக எரியும்; சவ ஊர்வலம் அதற்கு நிற்க வேண்டியதில்லை. அதன் அடியில் பெட்டி வண்டி சத்தமில்லாமல் நழுவிப் போகும். பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் அழுகிறவர்கள். இடைவெளி விடாதே என்பதுதான் ரோஷெல்லின் ஒரே பாடம். சைக்கிள் ஓட்டும் குழந்தை அவர்களை முந்திப் போகும். காருக்குள் லில்லியின் வாசம் தண்ணீர்போல் நிறைந்திருக்கும். ஓட்டுவது என்றால் இதுதான் என்று ஜமாயா நினைத்தாள். யாருக்கும் அவசரமில்லை. எல்லாரும் வழிவிடுகிறார்கள். முன்னால் போகிறவருக்கு இடம் தெரியும்.

மே மாதத் தொடக்கத்தில் அந்தக் காரிலேயே தேர்வுக்குப் போனாள். தேர்வு அதிகாரி க்ராஸ் ஒல்லியான மனிதர். ஏறியதும் தும்மினார்.

"யாரு செத்தது?"

"இன்னிக்கு யாரும் இல்ல சார்."

"அப்ப ஏம்மா உருட்டிக்கிட்டு இருக்க? கொஞ்சம் வேகமாப் போ."

முன்னால் போன வேன் மஞ்சளில் தாண்டியது. அவள் இடைவெளி விடாமல் அதன் பின்னால் போனாள்.

"சிவப்பும்மா! சிவப்பு!"

சிவப்பை அவள் பார்க்காமல் இல்லை. அது தனக்கானது என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஃபெயிலான கதையைக் கேட்டதும் ரோஷெல் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சூயிங்கம் மெல்வதை நிறுத்தினாள்.

"கெடுத்துட்டேனேடி. பொணத்துக்குப் பின்னாடி போகத்தானே உன்னப் பழக்கி வெச்சிருக்கேன்."

"டைரல் பாஸ் பண்ணிட்டான்."

"அவனுக்கென்ன, பல் டாக்டர் வண்டி. வாயத் தெறந்துக்கிட்டே ஓட்டியிருப்பான்."

மே கடைசியில் தேர்வுக்கு இன்னொரு நாள் கிடைத்தது. அதற்கு முந்தைய ஞாயிறு, விடிந்ததும் ரோஷெல் கொட்டகையைத் திறந்தாள்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"செத்தவங்ககிட்ட சொல்லிட்டேன். யாரும் வேணாங்கல. ஏறு."

ஊருக்குள் ஒவ்வொரு சிவப்பிலும் நிறுத்தினார்கள். நிறுத்தும்போதெல்லாம் 'எனக்குத்தான்' என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தாள் ரோஷெல். ஆளில்லாத தெருக்களில், தூங்கும் வீடுகளுக்கு நடுவே, ஜமாயா சொல்லிக்கொண்டே போனாள். எனக்குத்தான். எனக்குத்தான்.

பிறகு பெருஞ்சாலை.

"மிதி."

அறுபது மைல். முன்னால் எந்த வண்டியும் இல்லை. ரோஷெல் கண்ணாடிகளை இறக்கினாள். பின்பக்கம் வசந்தம் முழுக்க உதிர்ந்து கிடந்த இதழ்கள் எல்லாம் எழுந்தன. வெள்ளை, மஞ்சள், காய்ந்த சிவப்பு. காருக்குள் சுழன்றன. ஒன்று ஜமாயாவின் உதட்டில் ஒட்டியது. அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏரி ஒரு பக்கம் வெளிச்சமாக வந்துகொண்டே இருந்தது. காருக்கு எடையே இல்லை. அவர்கள் யார் பின்னாலும் போகவில்லை.

"துப்புடி அத," என்றாள் ரோஷெல். "செத்தவன் பூ."

தேர்வு நாளில் அதே க்ராஸ் வந்தார். ஏறும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். வேகம் சரியாக இருந்தது. சிவப்பில் நின்றாள். பச்சையில் போனாள். நான்காவது சந்திப்பை நெருங்கும்போது அவளுக்குப் பச்சை. அப்போது குறுக்குத் தெருவில் பெட்டி வண்டி வந்தது. விளக்கெரிய, அதன் பின்னால் கார்கள். வேறு யாருடைய ஊர்வலமோ.

அவள் நிறுத்தினாள்.

கார்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் கைகள் ஸ்டீயரிங்கைத் திருப்ப விரும்பின. வரிசையில் ஒரு இடம் அவளுக்காகத் திறந்திருப்பதுபோல் இருந்தது. கைகளை இறுக்கிக்கொண்டாள். பிறகு வரிசை அறுந்தது. தெரு காலியாகக் கிடந்தது. பச்சை எரிந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். மறுபடி நீளமாக அடித்தான். தயங்கினாலும் மார்க் போகும். க்ராஸின் பேனா அசையாமல் இருந்தது.

ஊர்வலத்தின் கடைசி வண்டி நான்கு மூலையிலும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வரும். அது இன்னும் வரவில்லை. அவள் காத்திருந்தாள்.

அது வந்தது. ஒரு விளக்கு உடைந்த பழைய கார். ஓட்டியவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே போனார். அதற்குள் மேலே விளக்கு மாறியிருந்தது.

"எனக்குத்தான்," என்றாள்.

"என்ன?"

"சிவப்பு சார்."

திரும்பி வந்து நிறுத்தியதும் க்ராஸ் எழுதினார். தும்மினார். மறுபடி எழுதினார்.

"இடது பக்கம் திரும்பறப்ப தோளுக்கு மேல பாக்கல. பார்க்கிங் சுமார்." தாளைக் கிழித்துக் கொடுத்தார். "எங்க அண்ணன் சவ ஊர்வலத்துல கடைசி வண்டி நான்தான் ஓட்டினேன். நடுவுல எவனோ பூந்துட்டான். கல்லறைக்கு வழி தெரியாம சுத்தினேன்." இறங்கிக் கதவைச் சாத்தினார். "பாஸ். போ."

ரோஷெல் பெஞ்சிலிருந்து ஓடி வந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். ஜமாயா இறங்கவில்லை.

"அந்தப் பக்கம் வந்து ஏறுங்க மிஸ் ரோஷெல்."

"அடேங்கப்பா," என்று சுற்றி வந்தாள் ரோஷெல்.