'முற்றும்' என்ற வரிக்குப் பின்னால்

1.

இந்தக் கதையின் வித்து என்னுடையதல்ல என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன். கணினி வேலை பார்க்கும் என் மருமகள் துணி மடித்துக்கொண்டே சொன்னது: "மாமா, இன்னிக்கு ஆபீஸ்ல ஒரு 'முற்றும்' முடியவே மாட்டேன்னுடுச்சு."

விளக்கம் கேட்டேன். கணினிக்கு எழுதும் நிரலில் சில வரிகள் கட்டளை. சில வரிகள் வெறும் பேச்சு. பேச்சு எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு சொல்லை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வைத்திருந்த சொல் 'முற்றும்'. அது வரியில் தன்னந்தனியாக நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருந்தால்கூட, கணினி அதை முடிவாக ஏற்காது. அடுத்து வரும் கட்டளைகளையும் பேச்சு என்றே எடுத்துக்கொள்ளும்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மாமா, செய்யுன்னா செய்யாது. வாசிச்சுட்டுப் போயிடும்."

2.

தொடக்கம், முதல் வரைவு: மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு

(வேண்டாம். இதில் மழைக்கு என்ன வேலை?)

இரண்டாம் வரைவு: ஒரு மகள். தனியாக வாழும் முதியவர்களைத் தினமும் காலையில் தொலைபேசியில் நலம் கேட்கும் நிறுவனத்தில் நிரல் எழுதுகிறாள். இயந்திரக் குரல் பேசும்: "நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள்." அழுத்தாவிட்டால் பிள்ளைகளுக்குத் தகவல் போகும். அழைக்கப்படுகிறவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். அவருக்குக் கை நடுக்கம். அதனால் போன் தானே எடுத்துக்கொள்ளும்படி அமைத்துக் கொடுத்திருக்கிறாள்.

வணக்கம் சொல்லும் பகுதியை வீட்டுக் கணினியில் திருத்தினாள். அங்கே ஓடியது. அந்தப் பகுதியை மட்டும் எடுத்து அலுவலகக் கணினியில் ஒட்டினாள். வீட்டுக் கணினி வரிதோறும் கடைசியில், 'முற்றும்' என்ற வரியிலும்தான், சேர்த்திருந்த கண்ணுக்குத் தெரியாத குறியும் கூடவே வந்தது.

"டெஸ்ட் பண்ணிட்டீங்களாக்கா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"வீட்ல ஓடுச்சுடி."

"எங்க வீட்டுக்காரர்கூட வீட்ல நல்லாத்தான் பேசுவார். வெளிய கூட்டிட்டுப் போய்ப் பாருங்க, தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். அதற்குப்பின் அப்பாவைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. தகவல் இல்லையென்றால் நலம். அந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான்.

(பக்கக் குறிப்பு: அவளே ஏன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பாத்திரம் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் நானும் மட்டும் என்ன கிழித்துவிட்டோம்?)

3.

வேறொரு வீட்டுப் பிள்ளை தனக்குத் தகவலே வரவில்லை என்று புகார் செய்த பிறகு, அழைப்புப் பதிவுகளைக் கேட்க உட்கார்கிறாள். முதலில் அப்பாவுடையது. குரல் வணக்கம் சொல்கிறது. நலம் கேட்கிறது. "முற்றும்" என்கிறது. நிற்கவில்லை. கட்டளைகளுக்குப் பக்கத்தில் தன் நினைவுக்காக அவள் தமிழில் எழுதிவைத்த குறிப்புகளையும் அதே கனிவோடு வாசிக்கிறது: "ஒன்றை அழுத்தவில்லையா? மகளிடம் சொல்."

மகளிடம் சொல்ல வேண்டியதை அந்த அறையிடம் வாசித்துவிட்டது.

பிறகு அப்பாவின் குரல். தரையோடு தரையாக எங்கிருந்தோ வருவது போல.

"ஆமாப்பா. சொல்லிடு."

4.

இங்கேதான் என் பேனா நின்றது. என் திட்டப்படி அவர் அந்த அழைப்புக்கு முந்தைய மாலையே இறந்துவிட்டார். போன் தானாக எடுத்துக்கொண்டது. அறையில் பேச ஆளில்லை. பதிவில் இயந்திரக் குரல் மட்டுமே இருக்க வேண்டும். மேற்படி வசனத்தை நான் எழுதவில்லை. கோடு போட்டு அடித்தேன். மறு வரைவிலும் இருந்தது.

முடிவு அ: விழுந்து கிடந்தார், உயிர் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரி வண்டியை எடுக்க, மகள் பின்னால் ஏறி

முடிவு ஆ: என் திட்டமே சரி. அப்படியானால் மறுநாள் பதிவிலும் அதே குரல், போனுக்கு இன்னும் சற்றுப் பக்கத்தில், "சொல்லிட்டியாப்பா" என்று

இரண்டையும் பாதியில் விட்டேன். இப்போது மகள் அப்பா வீட்டுக் கதவில் சாவியை நுழைத்து நிற்கிறாள். உள்ளே இயந்திரக் குரல் கேட்கிறது, இன்றைய அழைப்பு. நான் முடித்தால் கதவுக்குப் பின்னால் இருப்பது மாற்ற முடியாததாகிவிடும். எனக்கு அந்தத் துணிவில்லை. சொல்லை மட்டும் கீழே தனி வரியில் வைக்கிறேன். அதன் பின்னால் ஒன்றுமில்லையே என்று பார்த்துவிட்டு, சாவியை நீங்கள் திருப்புங்கள்.

முற்றும்

"சொல்லிடுச்சாம்மா?"