கோடியை உதைத்த கால்கள்

"கொள்கைக்காக வாழ்ந்த மனிதர்களின் காலடித் தடத்தைக் காலம் ஒருபோதும் அழிப்பதில்லை."

பாக்கார் ஆராங் ஊரில், சாவு வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் கீழ் நின்று இருளப்பன் இதை மைக்கில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரம் உள்ளறையில், அந்தக் கால்களில் ஒன்று கால்சட்டைக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. வலது கால். நீர் கோத்து வீங்கிக் கிடந்தது. இரண்டு விரல்களைச் சர்க்கரை வியாதி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. சவ அடக்கக்காரர் முனியாண்டி கால்சட்டையின் தையலைக் கத்திரிக்கோலால் பிரித்துவிட்டு, "இப்ப வரும் பாருங்க" என்று இழுத்தார். வந்தது.

"அப்பாவுக்குச் சப்பாத்து என்னாம்மா போடறது?"

"அலமாரிக்குக் கீழ கறுப்புத் தோல் சப்பாத்து இருக்கு, அண்ணே," என்றாள் வாசுகி.

"ஏறுமா?"

"ஏறலன்னா விட்டுடுங்க. எப்படியும் சங்கக் கொடியப் போத்தப் போறாங்க."

இறந்துபோன தர்மலிங்கத்தின் மகள் அவள். கடைசி வருடங்களில் அவருக்கு மனைவி, தாய், தாதி எல்லாமும் அவள்தான். மற்ற நேரத்தில் தொழிற்சாலையில் வேலை செய்தாள்.

தர்மலிங்கம் ஒரு காலத்தில் நாட்டுக்காக நடந்தவர். வேகநடைப் போட்டி. ஓடக் கூடாது, முன்னே வைக்கும் கால் குதிகாலில்தான் இறங்க வேண்டும். பீடோங் தோட்டத்துச் செம்மண் பாதையில் அவர் இடுப்பை ஆட்டி ஆட்டிப் பயிற்சி செய்தபோது, ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். வெள்ளிப் பதக்கம் ஒன்று வந்தபிறகு அதே பெண்கள் பிள்ளைகளை அனுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். அதன்பின் ஓய்வு பெறும்வரை அவருக்கு வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் படிக்கும் வேலை. அதுவும் நடைதான். கைதட்டல் மட்டும் கிடையாது.

அதே செம்மண்ணில் அவரிடம் நடை கற்ற மகன் தேவன் இப்போது வேறு ஒரு நாட்டின் கொடிக்காக நடந்தான். அந்த நாட்டின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'அங்க' என்றால் போதும். அங்கே ஓர் அரச குடும்பம், நிறைய எண்ணெய், நிறையச் சிறைகள். அரசரைப் பற்றிக் கவிதை எழுதியவன் உள்ளே இருந்தான். அதை வாசித்தவனும் உள்ளே இருந்தான். உலகம் சிறைகளைப் பற்றிப் பேசாமல் பதக்கங்களைப் பற்றிப் பேசட்டும் என்று அந்தக் குடும்பம் விளையாட்டாளர்களை வாங்கியது. முதலில் காற்பந்துக்காரர்கள், பிறகு ஓட்டக்காரர்கள். நடைக்காரர்களைக் கடைசியாகத்தான் வாங்கினார்கள்.

அங்கே புது விளையாட்டரங்கம் கட்ட வெல்டிங் வேலைக்குப் போனவன் காளிதாசன், பீடோங் தோட்டத்து மருதம்மாளின் ஒரே மகன். கூரையிலிருந்து விழுந்து, திறக்கக் கூடாது என்று முத்திரை குத்திய பெட்டியில் திரும்பி வந்தான். உள்ளே இருப்பது தன் பிள்ளைதான் என்று பெட்டியின் கனத்தை வைத்து மருதம்மாள் நம்ப வேண்டியிருந்தது. அந்த அரங்கத்தின் திறப்பு விழாவில் கொடி பிடித்து நடந்தவர்களில் தேவனும் ஒருவன். நிருபர் ஒருவர் காளிதாசனைப் பற்றிக் கேட்டதற்கு, "நான் விளையாட்டாளன், எனக்கு அரசியல் தெரியாது" என்றான்.

கொஞ்ச நாளில் அப்பாவுக்கு ஒரு ஜோடி சப்பாத்து அனுப்பினான். வெள்ளைச் சப்பாத்து, கறுப்பு ரப்பர் அடி, பக்கவாட்டில் அரச குடும்பத்தின் தங்கக் குதிரை முத்திரை.

தர்மலிங்கம் அதை வாசல் குப்பைத் தொட்டியில் எறிந்தார். எறிவதற்கு முன் இருளப்பனுக்குப் போன் செய்தார்.

இருளப்பன் வட்டார விளையாட்டாளர் நலச் சங்கத்தின் தலைவர். படம் எடுக்கிறவரையும் நிருபரையும் கூட்டி வந்ததோடு, பீடோங்குக்குக் காடியைத் திருப்பி மருதம்மாளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அழுகிற தாய் பக்கத்தில் நின்றால் படம் எடுபடும். முதல் தடவை எறிந்தபோது தர்மலிங்கத்தின் முகம் நிழலில் விழுந்துவிட்டது. சப்பாத்தை வெளியே எடுத்து மறுபடி எறிந்தார். "அந்தக் காசத் தொட்ட கை என் சிதையத் தொடக் கூடாது!" என்றும் சொன்னார். 'கோடியை உதைத்த கால்கள்' என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மருதம்மாள் அந்தப் பக்கத்தை மகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். அவள் மகனுக்காக வேறு யாரும் எதையும் எறிந்ததில்லை.

அதனால்தான் இன்று காலை வாசுகி முதல் போனை அவளுக்குச் செய்தாள்.

"அப்பா போய்ட்டாரு, அத்தே."

"கொள்ளி யாரு வைக்கிறா?" என்றாள் மருதம்மாள்.

"தம்பி வைக்க மாட்டான். நா வாக்குக் குடுக்கறேன்."

கூடத்தில் தர்மலிங்கத்தைப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் பதக்கம், இடுப்பிலிருந்து கால்வரை சங்கத்தின் மஞ்சள் கொடி. மருதம்மாள் சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வாசுகி ஊதுபத்தியை மாற்றி வைத்தாள். தரை பளபளவென்று இருந்தது. அவள் தேய்த்த தேய்ப்பு அப்படி. இரண்டு வருடமாக வேலை முடிந்து வந்தால் முதலில் அப்பாவின் காலில் கட்டு மாற்ற வேண்டும். அடுத்தது, கூடத்துத் தரையில் நீள நீளமாக விழுந்திருக்கும் கறுப்புக் கோடுகளைத் தேய்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளோடு உள்ளே வந்துவிடுகிறான் என்றார் அப்பா. வாசுகி போய்ச் சண்டை போட்டாள். அந்த வீட்டார் இன்று துக்கத்துக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

புண்ணும் ஆறவேயில்லை. கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் டாக்டர் அவளைத்தான் திட்டினார். "நடக்க விடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"நடக்கலயே டாக்டர். படுத்தேதான் கெடக்காரு."

அப்பா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு, பத்தியக்காரர் போல் தலையாட்டினார்.

வாசலில் பெரிய காடி ஒன்று வந்து நின்றது. இருளப்பன் மைக்கை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். தேவன் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர், ஆள் உயர மலர்வளையத்தைத் தூக்கி வந்தார்கள். அதன் பட்டுத் துணியில் தங்கக் குதிரை பாய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க தம்பி, வாங்க," என்றார் இருளப்பன். பத்திரிகைப் பேட்டியில் 'இனத் துரோகி' என்று சொன்ன அதே வாய்.

தேவன் அப்பாவின் முகத்தைப் பார்த்து அழுதான். உண்மையாகத்தான் அழுதான். வாசுகி எழுந்துபோய் மலர்வளையத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அக்கா, நா என்னாக்கா தப்பு பண்ணேன்? நடந்தேன். அவ்ளோதான?"

"காளிதாசன் விழுந்த எடத்துலதான நடந்தே?"

"அவன் விழுந்தது கூரைலேருந்துக்கா. நா கீழ நடந்தேன்."

சுவரோரம் இருந்த மருதம்மாளுக்கு இது கேட்டிருக்கும். அவள் புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருளப்பன் தேவனைத் தோளில் தட்டி வெளியே கூட்டிப் போனார். இருவரும் காடிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். திரும்பி வந்தபோது இருளப்பனின் முகத்தில் துக்கம் கணிசமாகக் குறைந்திருந்தது.

"வாசுகி, யோசிச்சுப் பாத்தேன்லா. பெத்த புள்ள இருக்கறப்ப சங்கத்து ஆளு கொள்ளி வைக்கிறது அழகில்ல."

"காலைல நீங்களே வைக்கிறேன்னு சொன்னீங்களே மாமா. அப்ப அழகா இருந்துச்சு?"

"அது காலைல. இப்ப பாரு, வருஷா வருஷம் பாடாங் செராய்ல 'தர்மலிங்கம் நினைவுக் கிண்ணம்' நடத்தப் போறோம். முழுச் செலவும் தம்பி ஏத்துக்கறாரு. ஜெர்சிலேருந்து சாப்பாடு வரைக்கும்."

"அங்கேருந்து வர்ற காசா?"

"நல்ல காரியத்துக்குப் போனா எல்லாம் நல்ல காசுதாம்மா."

"அப்பா சொன்ன வாக்கு?"

இருளப்பன் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். "அப்பா என்னா சொன்னாரு? கை தொடக் கூடாதுன்னாரு. கையுறை போட்டுக்கிட்டா கை தொடாதுல்ல?" சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரத்தின் பக்கம் திரும்பினார். "என்னா சாமி, சரிதான?"

பண்டாரம் கூரைக் காற்றாடியைப் பார்த்து யோசித்தார். "கையுறை போடக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல," என்றார்.

கையுறைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில், மருந்து மேசை மேலேயே இருந்தது. சீழ் துடைக்க வாசுகி தினமும் மாட்டிக்கொண்ட அதே கையுறை. இருளப்பன் அதிலிருந்து இரண்டை உருவித் தேவனிடம் கொடுத்தார். அவன் ஒன்றை ஊதிப் பார்த்தான். ஐந்து விரலும் விறைத்து நின்றன.

"கழட்டு," என்றாள் வாசுகி.

"அக்கா..."

"கொள்ளி நாந்தான் வைப்பேன். மின்சுடலைக்கும் நாந்தான் வருவேன். பொம்பள வைக்கக் கூடாதுன்னு சொல்றவங்க எந்திரிச்சுப் போலாம். ரெண்டு வருஷமா அவரு பீ மூத்திரம் அள்ளறப்ப யாரும் பொம்பள கூடாதுன்னு சொல்லல." குரல் கூடாரம்வரை போனது. "மருதம்மா அத்தைக்கு நா வாக்குக் குடுத்திருக்கேன். அப்பா கடைசி வரைக்கும் அந்த வாக்குலதான் இருந்தாரு. அவங்க காசுல ஒரு நூல்கூட அவரு ஒடம்புல பட்டதில்ல."

வெளியே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். சங்கத்தின் படக்காரர் கேமராவைத் தூக்கினார். கேமரா தன் பக்கம் திரும்புவதைக் கண்ட இருளப்பன், "அதான, அதான சரி. கொள்கைன்னா இதான்" என்று தேவன் கையிலிருந்து கையுறையைத் தானே உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கூட்டத்தில் வாசுகி ஜெயித்திருந்தாள்.

மருதம்மாள் எழுந்தாள். வந்து வாசுகியின் கன்னத்தைத் தடவினாள். "நீதாண்டி அவருக்கு ஆம்பளப் புள்ள," என்றாள். பிறகு பலகையின் கால்மாட்டுக்குப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள்.

"எம் மவனுக்காக நின்ன ஒரே ஆளுய்யா நீ. அந்தக் காலக் கும்பிட்டுக்கறேன்."

கொடியின் நுனியைத் தூக்கினாள்.

கும்பிடப் போன கைகள் பாதியில் நின்றன. வெள்ளைச் சப்பாத்து. பக்கவாட்டில் தங்கக் குதிரை. அந்தச் சப்பாத்து குப்பைத் தொட்டிக்குள் விழுந்ததை மருதம்மாள் பக்கத்தில் நின்று பார்த்தவள். இரண்டு தடவை பார்த்தவள்.

மூலையில் நின்ற முனியாண்டி வாசுகியின் அருகே வந்து கிசுகிசுத்தார். "கறுப்பு ஏறலம்மா. கட்டிலுக்கடில, தலகாணி உறைக்குள்ள இது இருந்துச்சு. கனகச்சிதமா ஏறிடுச்சு."

மருதம்மாள் புடவை முந்தானையில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டாள். எதையும் தொடாத கைகள்.

"ஒன் தம்பியே வைக்கட்டும்மா," என்றாள். "கையுறையெல்லாம் வேணாம்."

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலில் இறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். கூடாரத்தில் இருளப்பன் மைக்கைத் தட்டி, காலடித் தடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

விலகிக் கிடந்த கொடியை மூட வாசுகி குனிந்தாள். சப்பாத்தின் கறுப்பு ரப்பர் அடி அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

இரண்டு குதிகாலும் தேய்ந்திருந்தன.