தெவுரி வீட்டுக் களவா

கியாமுதி ஊரில் களவா மீன் முதலில் விழுங்கியது சபை மூப்பர் வம்புகுவின் பிம்பத்தை. 1996 ஏப்ரல், இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு அது நடந்தது. தெவுரியின் முன்னறையில் பதினான்கு அடி நீளத்துக்கு நின்ற கடல்நீர்த் தொட்டியின் முன்னால், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊரார் சொல்வதுபோல் உள்ளே ஜின் கின் இருக்கிறதா என்று மூப்பர் குனிந்து பார்த்தார். பாறைக்குப் பின்னாலிருந்து களவா அவசரமில்லாமல் வந்தது. கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்துக்கு எதிரே நின்று, வாயைக் கிண்ண அகலத்துக்குத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தது. முகம், கழுத்துப்பட்டை, தொப்பி எல்லாம் உள்ளே போயின. அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி மட்டும் கண்ணாடியில் மிச்சமிருந்தது. தண்ணீர் கலங்கியதால் அப்படி என்று எண்ணிக்கொண்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு மூப்பர் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை காலை சவரம் செய்ய உட்கார்ந்தபோது கம்பியில் தொங்கிய துண்டு தெரிந்தது, பின்னால் நடந்துபோன கோழி தெரிந்தது, வம்புகு தெரியவில்லை.

தெவுரி மொம்பாசா துறைமுகத்தின் பம்பு அறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிடைத்த தொகையில் கறவை மாடு வாங்குவான், தேயிலை போட இன்னொரு துண்டு நிலம் சேர்ப்பான் என்று ஊர் எதிர்பார்த்தது. அவன் கண்ணாடி வாங்கினான். இரண்டு விரல் தடிமனுள்ள கண்ணாடிப் பலகைகள் வைக்கோல் சுற்றி லாரியில் வந்திறங்கின. ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு யானையின் எடை இருக்கும் என்று முன்னறைத் தரையைப் பெயர்த்து இரண்டடிக்கு காங்கிரீட் போட்டான். கியாமுதியிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு மொம்பாசாவுக்கு இறங்கும் லாரிகள் காலியாகத் திரும்புவது வழக்கம். அந்த வருஷம் அவை நீல டிரம்களில் கடலை ஏற்றிக்கொண்டு மலையேறின. தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி, அழுக்கை நுரையாகத் திரட்டி வெளியேற்ற ஒரு குழாய், மலைக்குளிர் உறைக்காமலிருக்க நான்கு ஹீட்டர், மின்சாரம் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினான். பிறகு மீனே இல்லாத தண்ணீரில் தினமும் பச்சை இறால் போட்டு அழுகவிட்டான். அழுகலிலிருந்து வரும் நஞ்சைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் பாறையில் குடியேறினால்தான் மீன் பிழைக்கும், அதற்கு ஆறு வாரமாகும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினான். ஊருக்கு அதில் எதுவும் ஏறவில்லை. வெறும் தண்ணீருக்குப் படையல் வைக்கிறான் என்பது மட்டும் ஏறியது. கடற்கரைக்காரர்கள் வீட்டில் ஜின் வளர்ப்பார்கள், அது கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியில் விழாது, பெண்ணாக வந்தால் பாதத்துக்குப் பதில் குளம்பிருக்கும் என்பதெல்லாம் மலைநாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

மீன்கள் மார்ச்சில் வந்தன. விஷமுள் விரித்த சிங்கமீன் இரண்டு, சிப்பியைக் கடித்து நொறுக்கும் கிளாத்தி ஒன்று, பாறைப் பொந்திலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பாம்புபோல் நீண்ட அஞ்சாலை ஒன்று, களவா ஒன்று. எல்லாமே அடித்துத் தின்னும் சாதி. பார்க்க அழகாகச் சின்ன மீன் வளர்க்கக் கூடாதா என்று தபால்காரர் கேட்டதற்கு, "இதுங்க என்ன செய்யும்னு முன்னாடியே தெரியும். அதுல ஒரு நிம்மதி," என்றான் தெவுரி. களவாவைப் பொறுத்தவரை அவன் சொன்னது தப்பாகப் போயிற்று.

அவன் மனைவி நியாகுத்தி அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. வீட்டின் சாலைப்பக்க அறையில் அவள் தையல் கடை. பள்ளிச் சீருடை, பாடகர் குழு அங்கி, கல்யாண கவுன். அவள் சந்தேகப்படாத ஆளும் இல்லை, பொருளும் இல்லை. நூல் கண்டைப் பிரித்து அளந்து பார்ப்பாள். பாதிரி கண்ணை மூடி ஜெபிக்கும்போது உண்மையிலேயே மூடியிருக்கிறாரா என்று பார்ப்பாள். இந்தக் குணம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துபோன புருஷனின் சட்டைகளை இருபத்திரண்டு வருஷம் முகர்ந்து முகர்ந்து வந்தது. எல்லாச் சட்டையிலும் உப்பு வாசம்தான் இருந்தது. உப்பு அடுத்த வாசங்களையெல்லாம் மூடிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மீனைக் கொண்டுவந்தவள் ஷிமோனி கடற்கரையைச் சேர்ந்த மிஷி. வலைபோட்டு உயிரோடு பிடித்து, காற்று நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, ஒன்றரை நாள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். உடம்பை மூடிய கறுப்பு புய்புய் அங்கி தரையைத் தொடும். பாதம் தெரியாது. முதல் முறை வந்துபோனதிலிருந்தே நியாகுத்திக்குத் தூக்கமில்லை. மே மாதம் மிஷி இரண்டாம் முறை வந்து இறங்கியதும் அவளைக் கடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் குளிருக்கு உன் துணி தாங்காது. கம்பளியில ஒரு கவுன் தைச்சுத் தரேன், நில்லு," என்று அளவுநாடாவோடு மண்டியிட்டாள். "கொஞ்சம் தூக்கிப் பிடி. கரை எது வரைக்கும் வேணும்னு பாக்கணும்."

மிஷி முழங்கால் வரை தூக்கினாள். "குளம்பு தேடறியாக்கா? மலைக்காரிங்க எல்லாரும் இதைத்தான் தேடறீங்க. நல்லாப் பாத்துக்கோ. ரெண்டு காலு, பத்து விரலு, பித்தவெடிப்பு."

"ஏன், ஜின்னுக்குப் பித்தவெடிப்பு வராதா?" என்றாள் நியாகுத்தி, அசராமல்.

மிஷி சிரித்துக்கொண்டே பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். நியாகுத்தி அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பின்தொடர்ந்து உள்ளே நுழைந்தாள். மீன் பார்க்கிறவள்போல் தொட்டிக்கு நேராக நின்றுகொண்டு, கண்ணாடியில் விழுந்த பிம்பத்தில் முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் கவனித்தாள். தெவுரி பையை வாங்கினான். மிஷி தாழ்ந்த குரலில் கடற்கரைப் பேச்சில் என்னவோ சொன்னாள். தெவுரியின் வலது கை மெல்ல உயர்ந்தது. மிஷியின் தோளுக்கா, தன் தொப்பிக்கா என்று தெரியவேண்டிய அந்த நொடியில் களவாவின் பழுப்பு உடம்பு குறுக்கே வந்து அவள் முகத்துக்கு எதிரே கண்ணாடியை அடைத்தது. விலகியபோது கண்ணாடியில் அவர்கள் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். நியாகுத்தியின் பிம்பம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். தெவுரியின் கை சட்டைப் பைக்குள் இருந்தது.

கடைக்குத் திரும்பி ஆளுயரக் கண்ணாடி முன் நின்றாள். தையல் இயந்திரமும் தொங்கிய கவுன்களும் தெரிந்தன. புருஷனும் மிஷியும் சேர்ந்து செய்த வேலை இது என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் சில விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. சவரம் செய்யாமல் சபைக்கு வராத ஊரில் இரண்டு மாதத்துக்குள் ஒன்பது பேர் தாடி வைத்திருந்தார்கள். தபால்காரர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடிதம் கொடுத்தார். பாடகர் குழுவில் நாலு பெண்கள் தலைத்துணியைக் கோணலாகக் கட்டி வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்துபோன எல்லோரிடமும் களவா கைவரிசை காட்டியிருந்தது. சோறு போடுகிற தெவுரியையும், பிடித்துக் கொண்டுவந்த மிஷியையும் மட்டும் அது தொடவில்லை. பறிகொடுத்தவர்கள் வெளியே சொல்லவில்லை. சொன்னால், கண்ணாடியில் விழாத ஜின் நீதான் என்று ஊர் கல்லெடுக்கும். அதனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் நேர்ந்ததென்று நினைத்து, அடுத்தவரை முந்திக்கொண்டு தெவுரி வீட்டைத் திட்டினார்கள். நியாகுத்தியிடம் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். தைத்த பள்ளிச் சீருடைகள் வாங்க ஆளில்லாமல் அடுக்கடுக்காகக் கிடந்தன.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் ஐம்பது பேர் மண்வெட்டியும் வெட்டுக்கத்தியுமாக முற்றத்தில் வந்து நின்றார்கள். முன்னால் மூப்பர் வம்புகு. தாடி முகத்தை மூடியிருந்தது. தெவுரி மீனுக்குப் போடும் கணவாய் வாளியோடு வாசலில் நின்றான்.

"வஹோமே அம்மா, ஒதுங்கு," என்றார் மூப்பர், ஊர் வழக்கப்படி மகன் பெயரைச் சொல்லி. "உன்மேல எங்களுக்குக் கோவமில்ல. பிசாச வீட்டுல வச்சு வளத்தா சபை பாத்துக்கிட்டு இருக்குமா?"

ஒதுங்கத்தான் அவளுக்கு ஆசை. கண்ணாடி உடைந்தால் கடல் வடிந்துவிடும், மிஷி மலையேற வேண்டிய அவசியம் இருக்காது, புருஷன் புருஷனாக மட்டும் வீட்டில் கிடப்பான். ஒரு காலை நகர்த்தவும் செய்தாள். அப்போது மூப்பரின் சட்டையைப் பார்த்துவிட்டாள். பொத்தான்கள் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன. அந்தச் சட்டையை அவள்தான் தைத்தாள். அதை அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"மூப்பரே, பொத்தான் தப்பாப் போட்டிருக்கீங்க. எத்தனை நாளா இப்படி?"

மூப்பரின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. அன்று காலைதான் வந்திறங்கியிருந்த மிஷி, கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நியாகுத்தி அவளைப் பார்த்து, "ஏய், வா. அந்தப் பக்கம் பிடி," என்றாள். இருவருமாக ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டுவந்து முற்றத்தில் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார்கள்.

வானம் தெரிந்தது. எதிர்ச்சரிவின் தேயிலை தெரிந்தது. ஐம்பது பேர் நின்ற முற்றம் பாதி காலியாகத் தெரிந்தது. ஒரு பெண் தன் புருஷன் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் தேடினாள். அங்கே பக்கத்து வீட்டு வேலிதான் இருந்தது. தபால்காரர் ஒரு பக்கமாக நகர்ந்து பார்த்தார், மறு பக்கமாக நகர்ந்து பார்த்தார். "உங்களையுமா?" என்று யாரோ கேட்டார்கள். "நாலு வாரமாச்சு," என்றது இன்னொரு குரல். நியாகுத்தி சுற்றிவந்து கண்ணாடிக்கு எதிரே நின்று, தான் இல்லாததையும் காட்டினாள். மிஷியும் எட்டிப் பார்த்தாள். அவள் முழுசாக, முகப்பருவரை தெரிந்தாள்.

"ஆக, ஜின்னு நான் இல்ல," என்றாள் மிஷி. "மீதிப் பேரு உங்களுக்குள்ள பேசித் தீத்துக்குங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. "தெவுரி, தொட்டிய உடைச்சா உள்ள போனதெல்லாம் திரும்பி வருமா? இல்ல, மண்ணோட போயிடுமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது, மூப்பரே."

வரும் என்று அவன் ஆசைகாட்டியிருந்தால் உடைத்திருப்பார்கள். போய்விடும் என்று மிரட்டியிருந்தால் பொய் சொல்கிறான் என்று உடைத்திருப்பார்கள். தெரியாது என்றதால் என்ன செய்வதென்று யாருக்கும் புரியவில்லை. மண்வெட்டிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. நியாகுத்தி மூப்பரின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள்.

அந்த வருஷக் கடைசிக்குள் பிம்பமில்லாதவர்கள் முப்பத்தொரு பேரானார்கள். அதற்குமேல் ஏறவில்லை. தெவுரி தொட்டிக்கு முன்னால் திரை போட்டுவிட்டான். வெளியே கிளம்புமுன் அவர்கள் நியாகுத்தியின் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். அவள் முகத்தாட்சண்யம் பார்க்காதவள், அழகா இருக்கிறாய் என்று யாரிடமும் சொன்னதில்லை என்பதுதான் காரணம். பல்லில் கீரை, தாடி ஒரு பக்கம் நீளம், இந்தப் பச்சை உனக்கு ஒத்துவராது, ரெண்டு நாளா அழுதிருக்கே என்று கண்டதைச் சொல்வாள். கல்யாணப் பெண் ஒருத்தி தன் முகத்தை அவள் வாயால் கேட்டுவிட்டுத்தான் சபைக்குள் நடந்தாள். வருஷங்கள் போயின. களவா தெவுரியின் கை நீளத்துக்கு வளர்ந்தது. அஞ்சாலை ஒருமுறை தரையில் விழுந்து செத்து, வேறொன்று வந்தது. மகன் வஹோமே நைரோபியிலிருந்து மருமகளைக் கூட்டிவந்தபோது, இந்த வீட்டில் அம்மா கண்ணாடியில் தெரியமாட்டார் என்று வழியிலேயே சொல்லிவைத்தான். மருமகள் தலையாட்டிக்கொண்டாள்.

நியாகுத்திக்குத் தன் முகத்தைச் சொல்ல வீட்டில் இருந்தது தெவுரி ஒருவன்தான். ஆரம்பத்தில் அவனைச் சோதித்தாள். தலைத்துணியை வேண்டுமென்றே கோணலாகக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் சாம்பலை இழுவிக்கொண்டு வந்து நின்று எப்படி இருக்கிறேன் என்பாள். அவன் கோணலைச் சொல்வான், சாம்பலைச் சொல்வான், கேட்காத கண்வளையத்தையும் சேர்த்துச் சொல்வான். ஒரு வருஷம் சோதித்தாள், இரண்டு வருஷம் சோதித்தாள். ஒரு தடவைகூட அவன் பொய் சொல்லி அகப்படவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இல்லை, பயமாக இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவான் என்று ஆகிவிட்டதே. சட்டையை முகர்ந்துகொண்டிருந்த காலத்தில் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்படியே இன்னும் நாலு வருஷம் ஓட்டினாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவன் அவள் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது கேட்டுவிட்டாள். "மொம்பாசாவில யாராச்சும் இருந்தாளா?"

"இருந்தா," என்றான் தெவுரி. "மூணு வருஷம். வஹோமே பள்ளிக்கூடம் சேந்தப்ப. அப்புறம் இல்ல."

"மிஷியா?"

"அவ இல்ல. இது வேற ஆளு. எல்லை தாண்டி தங்கா பக்கம் போயிட்டா."

நியாகுத்தி கழுத்துப்பட்டையிலிருந்து அவன் கையை எடுத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே தேயிலை லாரி ஒன்று முக்கி முக்கி ஏறிப்போகும்வரை காத்திருந்தாள்.

"இப்ப என் மூஞ்சி எப்படி இருக்கு?"

அவன் கிட்டே வந்து, அவசரப்படாமல் பார்த்தான். "கோவமா இருக்கு. இடது கன்னம் துடிக்குது. வயசு தெரியுது." கொஞ்சம் தயங்கி, "அழல," என்றான்.

"அது எனக்கே தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் கடையைத் திறக்கப் போனாள். வாசலில் அதற்குள் நாலு பேர் தங்கள் முகத்தைக் கேட்டுப்போக வரிசையில் நின்றிருந்தார்கள்.