வெர்னா கேட்ட டவுன்

எங்கள் டவுனுக்கு விடிவு வரவேண்டும் என்று மாநகராட்சி வாசலுக்கு நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தவள் வெர்னா ப்ரூயிட். விடிவு வந்தது. அதில் அவள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

என் பெயர் லியோன் ஸ்கலா. ஒஹையோவில் ஆற்றோரமாக இருக்கிற நடுத்தரமான ஊர் எங்களுடையது. பெரிய ஊர் என்று சொன்னால் கிளீவ்லாண்டுக்காரன் சிரிப்பான். சின்ன ஊர் என்றால் எங்களுக்குக் கோபம் வரும். ஊர் நடுவே, டவுன் என்று நாங்கள் சொல்லும் மெயின் தெருவில் நான் சீருடைக் கடை வைத்திருக்கிறேன். நர்சுகள், காவலாளிகள், சமையல்காரர்கள் எல்லோருக்கும் உடுப்பு என்னிடம்தான். பக்கத்துக் கடை வெர்னாவின் லாண்டரி. காசு போட்டால் துவைக்கிற மெஷின்கள் ஒரு சுவர் முழுக்க, உலர்த்துகிறவை எதிர்ச் சுவர் முழுக்க. கட்டடமே அவளுடையது. நான் அவளுக்கு வாடகைக்காரன். அவளுடைய மெஷின்கள் வேகமாகச் சுற்றும்போது என் கடையில் தொங்கும் சட்டைகள் லேசாக நடுங்கும்.

டயர் தொழிற்சாலை மூடிய பிறகு மெயின் தெரு பல் விழுந்த வாய்போல ஆகிவிட்டது. நான்கு மாடித் துணிக்கடையின் வளைந்த ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தார்கள். சினிமாக் கொட்டகை போயிற்று, மருந்துக்கடை போயிற்று. இருட்டினால் தெருவில் புறாக்களும், பஸ்ஸுக்கு நிற்பவர்களும், எதிரே ஹார்ட்லி லாட்ஜில் வாரவாடகைக்குக் குடியிருந்தவர்களும்தான். அந்த லாட்ஜ் ஜனங்கள்தான் வெர்னாவுக்குப் படியளந்தவர்கள். ஒற்றை அறையில் கட்டிலும் ஒரு குட்டி அடுப்பும் இருக்கும், துவைக்க வழி இருக்காது. தெருவைத் தாண்டி மூட்டையோடு வருவார்கள்.

டவுனைச் சீராக்க ஒரு கமிட்டி போட்டார்கள். ஆறிப்போன காப்பியும் ஆறாத பேச்சுமாகக் கூட்டங்கள். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். வெர்னா விடவில்லை. தெருவிளக்கு கேட்டாள், மரம் கேட்டாள், அந்தத் துணிக்கடைக் கட்டடத்தில் யாராவது குடிவர வேண்டும் என்று கேட்டாள். கூட்டம் முடிந்து வரும்போது நான் கடைவாசலில் நின்று வம்புக்கு இழுப்பேன்.

"என்னம்மா, இன்னிக்கு மேயர் என்ன கொடுத்தாரு?"

"கையக் கொடுத்தாரு. குலுக்கிட்டு வந்துட்டேன்."

"அடுத்த வாட்டி காலையாவது கேளு."

"உன் வாடகைய ஏத்துனாத்தான்யா உனக்கு வாய் அடங்கும்."

ஏற்றமாட்டாள். இருபது வருஷத்தில் இரண்டு முறைதான் ஏற்றினாள். அதற்கும் தயங்கித் தயங்கி வந்து சொன்னாள்.

ஒருவழியாக வெளியூர்க் கம்பெனி ஒன்று பணத்தோடு வந்தது. பத்திரிகையில் தொடக்க விழாப் படம் போட்டார்கள். மேயர் பக்கத்தில் வெர்னா, தலையில் மஞ்சள் தொப்பி, கையில் மண்வெட்டி. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுடைய கணவர் ஆர்லன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அந்தப் படத்தைக் கத்தரித்து லாண்டரிச் சுவரில் ஒட்டினார்.

கொஞ்ச நாளில் விவரம் தெரிந்தது. துணிக்கடைக் கட்டடத்தின் கூரை மக்கிப்போய்விட்டதாம், இப்போதைக்குத் தொட முடியாதாம். முதலில் எடுத்துப் புது வீடுகளாக்கப் போவது ஹார்ட்லி லாட்ஜ். உள்ளே இருப்பவர்கள் வசந்தத்துக்குள் காலி செய்ய வேண்டும். மாற்று வீடு நெடுஞ்சாலைப் பக்கம், ஊருக்கு வெளியே.

அந்த வாரம் நான் சில்லறை மாற்ற லாண்டரிக்குப் போயிருந்தேன். ரோஷெல் என்கிற பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் சமையல்காரி, ஏப்ரன் என்னிடம்தான் வாங்குவாள். லாட்ஜில் எட்டு வருஷமாகக் குடியிருந்தவள். எப்போதும் "மிஸ் வெர்னா" என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"வெர்னா, அந்தப் படத்துல இருக்கறது நீதானே?"

"ஆமா ரோஷெல்."

"பல்லெல்லாம் தெரியுது."

வெர்னா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "லாட்ஜத்தான் எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. துணிக்கடையைச் சொன்னாங்க."

"உனக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஆனா சாமான மூட்ட கட்டறது மட்டும் நாங்க!" ரோஷெல் ஒரு பனியனை எடுத்து உதறினாள். "எனக்கு வேல காலைல அஞ்சரைக்கு. நெடுஞ்சாலைல இருந்து அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸு வரும்? உன் வீட்டுக்காரரு பஸ் ஓட்டுனவருதானே, கேட்டுச் சொல்லு."

ஒரு பஸ்ஸும் வராது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ரோஷெல் ஈரம் சரியாகக் காயாத துணியையும் சேர்த்துக் கூடையில் திணித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் சுவரில் படம் இல்லை.

வெர்னா நகர மன்றக் கூட்டத்துக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மைக் முன்னால் நின்று, லாட்ஜை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள், அதற்குள் டவுனிலேயே அவர்களுக்கு இடம் பாருங்கள் என்று கேட்டாள். எழுதிக் கொண்டுவரவில்லை. தடுமாறித் தடுமாறித்தான் பேசினாள். ஆனாலும் நன்றாகப் பேசினாள்.

மேடையில் இருந்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸஸ் ப்ரூயிட், போன வருஷம் இதே மைக்ல நின்னு 'எப்பத்தான் ஆரம்பிப்பீங்க, நாங்க செத்தப்புறமா'ன்னு கேட்டது நீங்கதானே?"

சபையில் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, பழகியவர்களின் சிரிப்புதான். வெர்னாவும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மைக்கை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது காரில், "அந்தாளு சொன்னதுல தப்பில்லையே, லியோன்" என்றாள். "நான்தான கேட்டேன்."

"நீ கேட்டது வேற."

"கேட்டது வேறதான். கேட்டது நான்தான்."

வசந்தத்தில் லாட்ஜ் காலியானது. வேனில் சாமான் ஏற்றுவதைக் கடையின் கண்ணாடி வழியே வெர்னா பார்த்துக்கொண்டே நின்றாள். சிலர் கையசைத்தார்கள்.

அதன்பிறகு தெருவைத் தோண்டினார்கள். பழைய குழாய்கள், புதிய குழாய்கள், பிறகு அகலமான நடைபாதை. ஆரஞ்சு நிறப் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி, எங்கள் வாசலுக்கு ஒரு மரப்பாலம் போட்டுக் கொடுத்தார்கள். மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. கோடை போய்க் குளிர் வந்து பள்ளத்தில் பனி உறைந்தது. என் கடைக்கு மொத்தமாக வாங்கும் ஆஸ்பத்திரிகள் இருந்ததால் பிழைத்தேன். லாண்டரிக்கு யார் அந்தப் பாலத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

பிரின் ஹாலோவே மட்டும் தவறாமல் வருவாள். டவுன் வேலைகளைக் கவனிக்க மாநகராட்சி வைத்த பெண், முப்பது வயது இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி டோனட்டோடு வருவாள்.

"மேடம், இன்னும் கொஞ்ச மாசம்தான். முடிஞ்சதும் பாருங்க, தெருவே ஜொலிக்கும்."

"யாருக்குத் துவைக்கறது பிரின்? புதுசா வர்ற வீட்டுக்குள்ளயே மெஷின் வெக்கிறாங்களாமே."

பிரின் டோனட்டுப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். "அத நான் யோசிக்கல, மேடம்."

பாவம், அவளும் பொய் சொல்லத் தெரியாதவள். அவளைத் திட்டவும் மனசு வராது. வெர்னா ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டாள்.

பழைய ஆட்களில் வந்துகொண்டிருந்தவர் ஒருவர்தான், ஹோபர்ட் டீக். டயர் தொழிற்சாலையில் இருந்தவர், மூச்சிரைப்பு. நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் பனியில் மரப்பாலத்தில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். நானும் வெர்னாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்தோம். துணியெல்லாம் சேற்றில் கிடந்தது.

"நல்லவேள" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "அழுக்குத் துணிதான். போகும்போது விழுந்திருந்தா இன்னொரு தடவ காசு போடணும்."

"ஹோபர்ட், இனிமே இங்க வராதீங்க" என்றாள் வெர்னா.

"ஏன், என் காசு செல்லாதா?"

"அந்தப் பக்கம் ஒரு லாண்டரி கூடவா இல்ல?"

"பெட்ரோல் பங்குக்குப் பின்னால ரெண்டு மெஷினு இருக்கு. ஒண்ணு ஓடாது. இன்னொண்ணு ஓடுனா நிக்காது." வெர்னா கொடுத்த காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அங்க எல்லாரும் குளிக்கிற தொட்டிலதாம்மா துவைக்கறோம். நான் வர்றது துவைக்க மட்டுமா? நாலு வார்த்த பேசலாம்."

வெர்னா அவருடைய துணியை இரண்டு முறை துவைத்துக் காய வைத்தாள். ஆர்லனைக் கூப்பிட்டுக் காரில் கொண்டுபோய் விடச் சொன்னாள்.

தெரு வேலை முடிந்ததும் அவளுடைய கட்டடத்துக்கு விலை கேட்டு ஆள் வந்தது. பீர் காய்ச்சி அங்கேயே விற்கும் கடை வைக்கப் போகிறார்களாம். அவள் கனவிலும் நினைக்காத விலை. டவுன் சீரானதால் வந்த விலை. ஆர்லன் மகிழ்ச்சியில் இருந்தார். டென்னிசியில் அவருடைய அண்ணன் ஏரிக்கரையில் வீடு வைத்திருக்கிறார், பக்கத்து மனை காலி. வெர்னா கையெழுத்துப் போட்டாள். போடும் முன் என் கடைக்கு ஐந்து வருஷம் வாடகை ஏற்றக் கூடாது என்று பத்திரத்தில் சேர்க்க வைத்தாள். அதை என்னிடம் சொல்லவே இல்லை. வக்கீல் சொல்லித்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் ஆர்லன் என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். முகம் தொங்கியிருந்தது.

"லியோன், நீயாவது சொல்லேம்பா அவகிட்ட. நெடுஞ்சாலைல கட வாடகைக்குப் பாத்திருக்காளாம். மலிவுச் சாமான் கடைக்கும் வட்டிக் கடைக்கும் நடுவுல. மெஷினெல்லாம் அங்க கொண்டுபோகணுமாம்."

அன்றே அவளிடம் கேட்டேன். லாண்டரித் தரையில் உட்கார்ந்து குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அறுபத்திமூணு வயசாச்சு. ஏரியப் பாத்துட்டு உக்காரக் கூடாதா?"

"உக்காந்தா நல்லாத்தான் இருக்கும்."

"பின்ன? ரோஷெல் சொன்னது இன்னும் குத்துதா? இது பரிகாரமா?"

"பரிகாரமாவது மண்ணாவது." ஸ்பேனரை நீட்டினாள். "இதப் பிடி. அங்க துவைக்க ஆளு இருக்கு, மெஷின் இல்ல. இங்க மெஷின் இருக்கு, ஆளு இல்ல. வேற என்னய்யா பண்ணச் சொல்ற? ஆர்லன் மொதல்ல போகட்டும். நான் ரெண்டு வருஷத்துல வர்றேன்."

ஆர்லன் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மெஷின்களை ஏற்றிய வேனுக்குப் பின்னால் கார் ஓட்டினார். பாதி மெஷின்கள் அந்தப் பயணத்தைத் தாங்கவில்லை. கட்டடம் விற்ற பணத்தில் ஒரு பங்கு புது மெஷின்களுக்குப் போயிற்று. அதோடு ஏரிக்கரைப் பேச்சும் நின்றது.

டவுன் நன்றாகவே இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். விளக்குகள் வந்தன, மரங்கள் வந்தன. ஹார்ட்லி லாட்ஜ் இருந்த இடத்தில் இளம் ஜோடிகள் நாயைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறார்கள். வெர்னாவின் இடத்தில் பீர்க்கடை. அங்கே பரிமாறும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஏப்ரன் என் கடையிலிருந்துதான் போகிறது. வியாபாரம் முன்னைவிடப் பரவாயில்லை. அதில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. ஆனாலும் விற்கிறேன்.

போன மாதம் நெடுஞ்சாலைப் பக்கம் போனேன். நடைபாதை கிடையாது. லாரிகள் கடையை உரசுவதுபோலப் போகின்றன. உள்ளே ஒரு மெஷின் காலியில்லை. ஹோபர்ட் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கோ தொழிற்சாலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வெர்னா மெலிந்திருந்தாள். இருமல் வேறு.

ரோஷெல் துணியோடு வந்தாள். வாராவாரம் வருகிறாளாம். வெர்னாவைப் பார்க்காமலே காசு மாற்றி, துணியைப் போட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

"இன்னும் பேசறதில்லையா?" என்று கேட்டேன், மெதுவாக.

"இல்ல. ஏன் பேசணும்? கோவம் நியாயமானதுதானே." வெர்னா தரையில் கிடந்த சோப்புத் தூளைப் பெருக்கினாள். "துவைக்க வர்றா. அது போதும்."

வாசலுக்கு வந்து நின்றோம். டவுன் எப்படியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். துணிக்கடைக் கட்டடத்துக்கும் கூரை போட ஆரம்பித்துவிட்டார்கள் என்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நெஜமாவா? அந்த ஜன்னலெல்லாம் வெக்கிறாங்களா, வளைஞ்சது?"

"வெக்கிறாங்க. வந்து பாரேன், ஒருநாள் சாப்பாடு என் செலவு."

"வர்றேன். இந்த இருமல் நிக்கட்டும்."

வாடகை ஏறாத என் ஐந்து வருஷம் வரும் இலையுதிர் காலத்தோடு முடிகிறது. புது வாடகை என்ன சொல்வார்கள் என்று பிரினிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அதை அங்கேயே வெர்னாவிடம் சொன்னதற்கு, பக்கத்து வட்டிக் கடை காலியாகப் போகிறது, வருகிறாயா என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளே ஒரு டிரையர் கத்தியது. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.