மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுவீங்க?

நூலகத்தில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். படித்ததென்னவோ வெறும் நூலகச் சான்றிதழ் படிப்பு. எப்போதோ ஒருநாள் உயிர்விட்டுக் கிடந்த பிரிண்டரை அவர் இரண்டு தட்டு தட்டி எழுப்பிவிட, புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் உட்காரும் அம்மா "கம்ப்யூட்டர் டாக்டர்" என்று பட்டம் கட்டிவிட்டாள். நாளடைவில் கம்ப்யூட்டர் உதிர்ந்து டாக்டர் மட்டும் நின்றுவிட்டது.

உண்மையைச் சொன்னால், டாக்டருக்கு அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாது. வைத்தியம் பார்த்ததெல்லாம் அவர் மனைவி. அவள் ஓர் அலுவலகத்தில் வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவள். யாராவது "டாக்டர், இங்க ஹேங் ஆயிடுச்சு" என்று குரல் கொடுத்தால், இவர் வந்து திரையை முகம் சுளித்துப் பார்ப்பார். பிறகு, "ஒரு ஒயரைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போய் வீட்டுக்குப் போன் போடுவார்.

"முதல்ல திரையில என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்பாள் அவள்.

"அதைப் பாக்கலியே."

"பின்ன என்னத்தைத்தான் பாத்தீங்க? போய்ப் படிச்சிட்டு வாங்க."

இவர் போய்ப் படித்துவிட்டு வந்து ஒப்பிப்பார். அவள் சொன்னதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து அமுக்குவார். கவுண்டர் அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறை. ஊரை ஏமாற்றுகிறோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் யார் மூளை என்றால் என்ன என்று இருந்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, கூடவே பேச்சும் போனது. காது நன்றாகக் கேட்கும். சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பாள், "ஆ" என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பழைய பிடிவாதம் அப்படியே இருந்தது. அவர் ஊட்டினால்தான் உண்டு. வேறு யார் கரண்டியை நீட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள்.

வீடு நூலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. மதியம் ஆனால் தலைமை நூலகரிடம் தலையாட்டிவிட்டு ஓடுவார். மசித்த சாப்பாட்டை ஊட்டி, வாய் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, சட்டையில் சிந்திய பருக்கையோடு ஓடிவருவார். அந்த மதிய ஓட்டம் இருந்ததால்தான் வீடு வீடாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். எல்லாக் கிளைகளுக்கும் புது மென்பொருள் வரப்போகிறது. அதற்கு முன்னால் யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அளந்து பார்த்து, அதற்குத் தகுந்தபடி பயிற்சி கொடுப்பார்கள் என்றாள். வந்த அன்றைக்கே அவளுக்குப் பரீட்சை மேடம் என்று பெயர் வைத்தாயிற்று.

"யாரும் பயப்பட வேண்டாம்" என்றாள் பரீட்சை மேடம். "தெரியாதவங்களுக்கு இங்கயே, அவங்கவங்க இடத்துலயே சொல்லித்தருவோம். நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரை மட்டும் பயிற்சியாளரா எடுத்துக்குவோம். அவர் கிளை கிளையாப் போய் நாள் முழுக்க மத்தவங்களுக்குச் சொல்லித்தரணும்."

டாக்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மனைவி படுத்ததிலிருந்து, அணைத்துப் போடுவதையும் அதிர்ஷ்டத்தையும் வைத்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இருந்த இடத்திலேயே ஒருவர் ஒழுங்காகச் சொல்லித்தந்தால் வேண்டாம் என்பாரா? பயிற்சியாளர் பேச்சை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆபத்து தன் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

முதலில், தனக்கு எவ்வளவு தெரியும் என்று அவரவரே ஐந்துக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டார். மேடம் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சார் இது?"

"நிஜமாவே எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். எனக்குப் பயிற்சி வேணும்."

"மவுசைத் தலைகீழாப் பிடிக்கறவர்கூட அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கார். தெரிஞ்சவங்கதான் சார் தெரியாதும்பாங்க. எனக்கு இது பழகிப்போச்சு."

அடுத்தது செய்முறை. ஒரே புத்தகம் தவறுதலாக இரண்டு முறை பதிவாகியிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்ட வேண்டும். டாக்டர் அங்கே அமுக்கினார், இங்கே அமுக்கினார். திரை அப்படியே நின்றுவிட்டது. தோற்றாயிற்று, இனி பயிற்சி நிச்சயம் என்று மனதுக்குள் நிம்மதிப் பெருமூச்சுகூட விட்டார். ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது! கை தானாகப் போய் மெஷினை அணைத்துப் போட்டது. அடுத்த கணம், காலையிலிருந்து முரண்டுபிடித்துக் கிடந்த கவுண்டர் பார்கோடு கருவி "பீப்" என்றது. அந்த மெஷின் வழியாகத்தான் கவுண்டருக்கு இணைப்பு போகிறது என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பாத்தீங்களா மேடம், எங்க டாக்டர் கைராசியை!" என்று கவுண்டர் அம்மா கைதட்டினாள். டாக்டர் பேந்தப் பேந்த விழித்தார்.

கடைசியாக எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டாள் மேடம். "வேலையில மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுவீங்க?" ஒருவர் பாக்கியில்லாமல் டாக்டர் என்றார்கள். டாக்டரிடமும் அதையே கேட்டாள்.

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

"என் சம்சாரத்தை மேடம். இத்தனை நாளும் செஞ்சதெல்லாம் அவதான். நான் போன்ல கேப்பேன், அவ சொல்லுவா. இப்ப அவளுக்குப் பேச்சு இல்ல."

மேடத்தின் முகம் கனிந்துபோனது. "கட்டினவளுக்கு முடியாமப் போன நேரத்துல பேரையெல்லாம் அவங்களுக்கே குடுக்கறீங்களே சார். உங்களை மாதிரி ஒருத்தர்தான் எங்களுக்கு வேணும்" என்றாள். அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. இதற்கு மேல் உண்மையை எப்படிச் சொல்வது என்று டாக்டருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பயிற்சியாளர் அவர்தான். உத்தரவை எடுத்துக்கொண்டு தலைமை நூலகர் முன்னால் போய் நின்றார்.

"சார், மதியம் நான் போகலைன்னா அவ பட்டினி சார்."

"எனக்குத் தெரியாதா டாக்டர்?" தலைமை நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் மேடம்கிட்ட பேசிப் பாத்தேன். அவ்வளவு தெரிஞ்ச ஆளை ஒரே கிளையில பூட்டி வெச்சுக்கறது சுயநலம்னு என்னையே திட்டினாங்க. என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க."

அவர் கையில் ஒன்றும் இல்லை என்பது டாக்டருக்கும் தெரிந்ததுதான். எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்தார். எந்தக் கரண்டி, எவ்வளவு சூடு, எந்தப் பக்கமாக ஊட்ட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா நல்ல மனுஷி. "நீங்க கவலைப்படாமப் போங்க தம்பி" என்றாள். படுக்கையில் இருந்தவள் இருவரையும் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் கிளைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. அறை நிறையப் புது கம்ப்யூட்டர்கள், அவற்றின் முன்னால் புது முகங்கள். பரீட்சை மேடம் அவரைத் தூக்கிவைத்துப் பேசிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். மனப்பாடம் செய்துவந்த நாலு விஷயத்தை இழுத்து இழுத்து மதியம் வரை ஓட்டிவிட்டார். அதற்கப்புறம் எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"சார், எல்லாருக்கும் நின்னுபோச்சு."

அணைத்துப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் அதே வட்டம். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒரு முகத்திலாவது சந்தேகம் இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்.

"ஒரு ஒயரைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தார். யாரை, எதற்காக என்று யோசிக்கும் முன்னே விரல் வீட்டு எண்ணைப் போட்டுவிட்டது. எதிர்வீட்டு அக்காதான் எடுத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் தம்பி. வாயையே திறக்க மாட்டேங்கறாங்க. கெஞ்சிப் பாத்துட்டேன். தண்ணிகூட உள்ள போகல."

"போனை அவ காதுல வைங்கக்கா."

சாப்பிடும்மா என்றார். எனக்காக ஒரு வாய் என்றார். "ம்ஹூம், திரும்பிக்கிட்டாங்க" என்றது அக்காவின் குரல். அத்தனை வருஷமாக அந்தப் போனில் அவளிடம் சொல்லிப் பழகியதைத்தான் அவருக்குச் சொல்ல வந்தது.

"இங்க எல்லாம் நின்னுபோச்சும்மா. வட்டமாச் சுத்திக்கிட்டே இருக்கு. அணைச்சும் போட்டுப் பாத்துட்டேன்."

"ஆ" என்று சத்தம் கேட்டது.

"தொறந்துட்டாங்க!" என்று கத்தினாள் அக்கா. கரண்டி தட்டில் மோதியது. "முழுங்கிட்டாங்க தம்பி! என்னமோ சொன்னீங்களே, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முதலில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்றல்லவா அவள் கேட்பாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த திரையில் வட்டத்துக்கு அடியில் இருந்ததை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்துச் சொன்னார். மறுபடியும் "ஆ", மறுபடியும் கரண்டி. பதில் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அது வாய்வரை வந்து, சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனது.

கதவைத் திறந்து பரீட்சை மேடம் தலையை நீட்டினாள். "எல்லாரும் காத்திருக்காங்க சார். சரியாயிடுமில்ல?"

அவர் போனைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். மேடம் நம்பிக்கையோடு கதவைச் சாத்தினாள். உள்ளே வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னும் பாதித் தட்டு இருக்கு தம்பி" என்றாள் அக்கா. "நிறுத்திடாதீங்க."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் பிரிண்டரும் வேலை செய்யலைம்மா" என்றார்.

அந்த அறையில் பிரிண்டரே கிடையாது.