நாற்பதில் ஒரு சத்தம்

“மாமிகிட்ட கொஞ்சம் சத்தமாப் பேசணும். காது மந்தம்,” என்று பழைய கார் சங்கத்தின் செயலாளர் குருபிரசாத் மெக்கானிக் கபாலியிடம் சொன்னார். கோமளம் இரண்டடி தள்ளி, மதிப்பெண் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தாள். அவர் சொன்னது மட்டுமல்ல, சாந்தோம் பள்ளி மைதானத்தின் மறுகோடியில் ஐஸ்காரர் பெட்டி மூடியைத் தட்டியதும், மதிலுக்கு அந்தப்புறம் அலை பின்வாங்கியபோது மணல் அரைபட்டதும் அவளுக்குக் கேட்டது. கேட்காதவள் மாதிரி சிரித்து வைத்தாள். இரண்டு வருஷமாகப் பழகிய சிரிப்பு.

காது கேட்காதது அவள் கணவர் ஸ்ரீரங்கனுக்கு. பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். டிப்போ வாசலில் பஸ் நுழையும் சத்தத்திலேயே, எதைக் கழற்ற வேண்டும் என்று நாற்காலியில் இருந்தபடியே சொல்லிவிடுவார் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவரைத் தேடி வந்த ஒரே மரியாதை, வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கண்காட்சிக்கு நடுவராக வருவது. இது பதினோராவது வருஷம். யாராவது அவரிடம் எதையாவது சொன்னால், கோமளம் குறுக்கே புகுந்து, “என்ன சொன்னேள்? டீசல் இன்ஜினா? வேன்லேர்ந்து எடுத்ததா?” என்று அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து திருப்பிக் கேட்பாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். மெதுவாகத்தான் பேசுவார். அதை எல்லோரும் நிதானம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளைச் செவிடு என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டுமே சௌகரியமாக இருந்தது.

அடையாறு டாக்டர் இருமுனை இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டு அவர் காதுக்கு முன்னால் பிடித்தபோது ஸ்ரீரங்கன் சும்மா இருந்தார். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தபோது சடாரென்று நிமிர்ந்தார். உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது, நடுவில் ஒரு சின்ன எலும்புதான் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிவிட்டது, ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். படியிறங்கும்போது ஸ்ரீரங்கன் சொன்னது ஒன்றே ஒன்று. “சங்கத்துல ஒருத்தருக்கும் தெரியப்படாது.” அப்புறம் டாக்டர் பக்கமே போகவில்லை.

போன வருஷம் வரைக்கும் தப்பித்தாயிற்று. பெயின்ட், குரோமியம், சீட்டுத் துணி எல்லாம் கண்ணால் பார்க்கிற வேலை. இந்த வருஷம் மாற்றிக் கட்டிய கார்களுக்கென்று தனிப் பரிசு வைத்துவிட்டார்கள். ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள், கோப்பையில் மட்டும் மெட்ராஸ் என்றே பொறித்திருந்தது. அந்தக் கோப்பைக்கு நூற்றுக்கு அறுபது மார்க் இன்ஜினுக்கும் கியருக்கும்.

கடைசியாக நின்றது பாலகணேஷின் பிளிமத், பழைய அமெரிக்கக் கார். மைதானத்தில் பாதியை அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு கறுப்பு வண்டி, பின்னால் மீனுக்கு இருப்பது போல இரண்டு துடுப்பு. தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாலகணேஷ் அதை ஏலத்தில் எடுத்தபோது கியர் கம்பே இல்லை, டாஷ்போர்டில் வரிசையாகப் பொத்தான்கள்தான். அமுக்கினால் தானாக மாறும் ஆட்டோமேட்டிக் பெட்டி. ஊரில் ஒருத்தருக்கும் அதைத் திறக்கத் தெரியவில்லை. கபாலி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேன் ஒன்றின் டீசல் இன்ஜினையும், தரையிலிருந்து கம்பு மாதிரி நிமிரும் ஐந்து கியர் பெட்டியையும் உட்கார வைத்திருந்தான். பொத்தான்களை மட்டும் எடுக்கவில்லை.

“மொத பொத்தானை அமுக்கு சார்,” என்றான். கோமளம் திருப்பிச் சொல்ல, ஸ்ரீரங்கன் அமுக்கினார். வைப்பர் ஆடியது. “ரெண்டாவது ஹாரன். மூணாவது அமுக்கிடாத, அது இன்னா பண்ணும்னு எனக்கே தெரியாது.”

ஸ்ரீரங்கன் சிரித்தார். பானெட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். இன்ஜினைத் தாங்கும் கட்டைகள், ஒயர்கள், குழாய் வளைவுகள் எதிலும் குறையில்லை. ஓட விட்டு, ஃபெண்டரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பார்ப்பவர்களுக்கு அவர் கேட்டுக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது.

“வெள்ளிக்கிழமை திருச்செந்தூருக்குக் கௌம்புதோம் மாமி,” என்று பாலகணேஷ் கோமளத்தின் காதருகே கத்தினான். “பையனுக்கு மொட்ட. அம்மா, தங்கச்சி, பிள்ளையளோட எட்டு பேரு. பஸ்ல போவோம்ங்கா எங்கம்மா. சார் மார்க்கு போட்டுட்டா அவ வாயை அடச்சிரலாம்லா.”

“எட்டு பேரா?” என்று கேட்டாள் கோமளம். அதை அவள் கணவர் பக்கம் திரும்பிக் கேட்கவில்லை.

ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது வழக்கம். கபாலி ஓட்டினான், ஸ்ரீரங்கன் முன்னால், மற்ற இருவரும் பின்னால். சாந்தோம் சாலை ஞாயிறு காலையில் காலியாகக் கிடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் வெண்ணெயில் இறங்குவது போல விழுந்தது. பட்டினப்பாக்கம் தாண்டி வேக முள் நாற்பதைத் தொட்டபோது, கோமளத்தின் காலடியில் ஒரு முனகல் எழுந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. சுருதி சேராத தம்புராவை யாரோ அடுத்த வீட்டில் மீட்டுவது போல, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. முப்பத்தைந்தில் இல்லை. நாற்பத்தைந்தில் இல்லை. நாற்பதில் மட்டும். பாலகணேஷ் ஜன்னலில் கையை வைத்து மகிழ்ச்சியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். டீசல் சத்தத்துக்குப் பழகிய கபாலிக்கும் அது காதில் விழவில்லை. கண்ணாடியில் தெரிந்த கணவரின் முகத்தைப் பார்த்தாள். தெளிவாக, நிம்மதியாக இருந்தது. டிப்போ நாட்களில் அந்த முனகலுக்கு அவர் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

அவர் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேல் கையை உயர்த்தி, ஒரு விரலை மட்டும் மடக்கி, இன்னொரு கையையும் விரித்துக் காட்டினார். கியர் ஓட்டத்துக்குப் பத்துக்கு ஒன்பது. அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. பதினோரு வருஷத்தில் அவர் சொன்ன எந்த எண்ணையும் அவள் எழுதாமல் விட்டதில்லை. பேனாவை மூடினாள்.

அவர் தோல்பை அவள் மடியில் இருந்தது. அதற்குள் முழங்கை நீளத்துக்கு மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர். முனையை இன்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதுக்குள் வைத்துக் கேட்பார். காது போனதும் அதை எடுப்பதை விட்டுவிட்டார், ஆனால் வருஷா வருஷம் கொண்டுவருவார். கோமளம் அதை உருவி, சீட்டுக்கு மேலாகக் குனிந்து அவர் கையில் வைத்தாள். அவர் திரும்பினார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார், அதில் கோபமும் இருந்தது. அவள் தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்து, எலும்பை அழுத்திக் காட்டினாள்.

“இங்கே வெச்சுக்கோங்கோ. காதுக்குள்ளே இல்லே. இங்கே.”

கபாலி ஒரு கணம் சாலையை விட்டு அவர்களைப் பார்த்தான்.

ஸ்ரீரங்கன் மரப்பிடியை உள்ளங்கையில் ஒரு தரம் உருட்டினார். பிறகு முழங்காலுக்குத் தலையைத் தாழ்த்தி, கியர் பெட்டிக்கு மேலே மேடாக இருந்த தரைத்தகட்டில் முனையை ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் பதித்தார். அவர் முதுகு மட்டும்தான் கோமளத்துக்குத் தெரிந்தது. அது அசையாமல் நின்றது. அடையாறு பாலத்தின் முனையில் கபாலி வண்டியைத் திருப்பினான். பாதி வழியில் அவர் குரல் கீழே இருந்து வந்தது.

“நாப்பதுல நிறுத்து. ஏத்தாதே, இறக்காதே.” கொஞ்சம் கழித்து, “ஷாஃப்டை வெட்டி ஒட்டியிருக்கியா?”

கபாலி சாலையையே பார்த்து ஓட்டினான். கோமளம் முன்னால் குனிந்து, “உன்னைத்தான் கேக்கறார்,” என்றாள்.

“ஆமா சார். பின்வீலுக்குப் போற வேன் ஷாஃப்ட் நீளம் பத்தலை. ரெண்டை வெட்டி வெல்டு வெச்சேன்.”

“பேலன்ஸ் யார் பார்த்தா?” என்றார் அவர், பதிலுக்குக் காத்திருக்காமல்.

“ஆயுத பூஜைன்னு லேத்துக்காரன் பூட்டிக்கினு போய்ட்டான் சார். சாக்பீஸ் வெச்சுச் சுத்தி நானே கண்ணால பாத்தேன். நேராத்தான் கீது.”

கோமளம் அதைக் கணவரிடம் உதட்டால் சொல்லப் போனாள். அவர் தலை நிமிரவே இல்லை. “எட்டு பேர் ஏறினா, திண்டிவனம் தாண்டறதுக்குள்ளே ஒட்டு விட்டுடும்,” என்றார் தரையைப் பார்த்தபடி. “கோமளம், எழுது. நாலு.”

எழுதினாள். பாலகணேஷ் ஜன்னலிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். “அப்ப பஸ்தானா,” என்று தனக்கே சொன்னான். “எங்கம்மா சிரிப்பா.”

வண்டி மைதானத்துக்குள் நுழையும்போது கபாலி கண்ணாடியில் கோமளத்தைப் பார்த்தான். “மாமி, நான் முன்சீட்ல கீறேன். எனக்கே கேக்கல. ஒனக்குக் காது கேக்காதுன்னாரே அந்த செக்ரட்டரி ஆளு?”

“நன்னாக் கேக்கும்,” என்றாள் கோமளம்.

கபாலியின் பார்வை குனிந்திருந்த தலைக்குப் போய், அந்த மரப்பிடிக்குப் போய், அவளிடம் திரும்பி வந்தது. இன்ஜினை அணைத்தான். “நாளைக்கு லேத்து தொறந்துடும்,” என்றான் பாலகணேஷிடம். “வெளிய வா நைனா, சொல்றேன்.” இருவரும் இறங்கிக் கதவுகளைச் சாத்தினார்கள். நடுவர் மேசைப் பக்கமிருந்து குருபிரசாத் கையசைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

வண்டி முழுக்க அடங்கிவிட்டது. சூடான இரும்பு எங்கேயோ டிக் என்று சுருங்கியது. கேட்க இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் ஸ்ரீரங்கன் எழுந்திருக்கவில்லை. முனை தரையில், பிடி எலும்பில், கண் மூடியபடி அப்படியே இருந்தார். கோமளம் சீட்டின் மேல் கவிழ்ந்து கையை நீட்டினாள். பிடிக்குக் கீழே பளபளத்த எஃகுத் தண்டில் ஆள்காட்டி விரல் நகத்தால் இரண்டு தரம் தட்டினாள்.

“ம்,” என்றார் அவர், தலை நிமிராமல்.

மறுபடியும் தட்டினாள்.