மடித்து விட்ட சட்டைக் கை

மகள் வாலுவுக்குக் கண்ணிமைத் தோலில் வெள்ளைத் திட்டு விழுந்த அன்றைக்கே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "எங்க பரம்பரையில இந்த மாதிரி யாருக்கும் கிடையாது." அப்படியென்றால் யார் பரம்பரை? சொல்லவே வேண்டாம். பழி போட ஆள் வேண்டுமென்றால் மருமகள் எதற்கு இருக்கிறாள்?

அன்றிலிருந்து மருமகளின் அப்பாவும் அம்மாவும் பேத்தியைப் பார்க்க வந்தால் போதும், மாமியாரின் கண் நேரே அவர்கள் பாதத்துக்குப் போகும். பிறகு உதடு, பிறகு விரல் நுனி, எங்கேயாவது வெள்ளை தெரியாதா என்று. வயசான மனுஷர், வாசலில் செருப்பைக் கழற்றவே கூசினார். போன் ரிப்பேர் கடையில் நாளெல்லாம் நொறுங்கிய கண்ணாடியைப் பிரித்தெடுக்கிறவள் அவள், பொறுமைக்குப் பஞ்சமில்லை. அதற்காக எவ்வளவுதான் பொறுப்பது?

எங்கிருந்தோ ஒரு பச்சிலை வைத்தியரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உப்பு கூடாது, புளிப்பு கூடாது, பாலும் மீனும் கண்ணிலேயே காட்டக் கூடாது என்றார். எண்ணெய் தடவி வெயிலில் உட்காரவைக்கச் சொன்னார். சின்னக் குழந்தை, இமை கொப்பளித்துக் கண்ணைத் திறக்க முடியாமல் கதறியது. "மருந்து வேலை செய்யுது, அதான் எரியுது" என்றாள் நாத்தனார்.

அந்த நாத்தனார் அவள் கணவனுக்கு அக்கா; பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ஜட்ஜம்மா என்பார்கள். அந்த வீட்டில் சோப்பை மாற்றுவதென்றாலும் அவள் சம்மதம் வேண்டும். பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்ததால் தீர்ப்புக்கு ஒருநாளும் தாமதமில்லை.

இரண்டு வருஷம் இப்படியே போனது. வெள்ளை இமையைத் தாண்டி வாயோரத்துக்கும் வந்துவிட்டது. தோல் டாக்டரிடம் ஒளிச் சிகிச்சை இருக்கிறது, சீக்கிரம் ஆரம்பித்தால் முகத்தில் நிறம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு என்று கடைக்குப் போனைச் சரிசெய்யக் கொடுக்க வந்த நர்ஸ் ஒருத்தி சொன்னாள். வாலுவின் அம்மா கணவனிடம் மன்றாடினாள். "அக்கா சரின்னா எனக்கும் சரி" என்றான் அந்த மகாராஜன். அக்காவோ டாக்டரை நேரில் வந்து பார்த்துத்தான் சொல்வாளாம். அதனால் ஜட்ஜம்மாவும் தோல் டாக்டரிடம் கூட வந்திருந்தாள். இன்றைக்கு அவள் வேண்டாம் என்றால் அவ்வளவுதான். மறுபடியும் எண்ணெய், மறுபடியும் வெயில்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" இதுதான் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி.

"எங்க பக்கம் யாருக்கும் இல்ல" என்று ஜட்ஜம்மா முந்திக்கொண்டாள். "இவங்க பக்கம்தான் நல்லா விசாரிக்கணும்."

டாக்டர் முன்னாலும் அதே பாட்டுதான்.

வெள்ளை எதுவரை பரவியிருக்கிறது என்று தனி விளக்கடித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் உள்ளறைக்கு அழைத்துப்போனார். ஜன்னலே இல்லாத அறை. இருட்டு என்றதும் வாலு சிணுங்கினாள். "நான் பிடிச்சுக்கறேன், இவளுக்குப் பிள்ளையைப் பிடிக்கக்கூடத் தெரியாது" என்று ஜட்ஜம்மா குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சட்டைக் கையைக் கொஞ்சம் மேல மடிச்சுக்கோங்க. வெள்ளைத் துணி இந்த வெளிச்சத்துல பளபளக்கும், எனக்குச் சரியா தெரியாது" என்றார் டாக்டர்.

வெயில் ஒத்துக்காது என்று எப்போதும் மணிக்கட்டு வரை சட்டை போடுகிறவள் ஜட்ஜம்மா. கொஞ்சம் தயங்கினாள். அறை விளக்கு அணைந்தது. இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, முழங்கைவரை மடித்து விட்டாள்.

டாக்டர் கைவிளக்கைப் போட்டார். வாலுவின் இமை நீலம் பூத்த வெள்ளையாக மின்னியது. வாயோரம் மின்னியது. குழந்தையின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்திருந்த கையும், மணிக்கட்டுக்கு மேலிருந்து முழங்கைவரை, அதே வெள்ளையாக மின்னியது.

அறை விளக்கு எரிந்ததும் சட்டைக் கை அவசரமாகக் கீழே இறங்கியது. ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

"உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கு?" டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"ஸ்கூல் படிக்கும்போது வந்துச்சு." ஜட்ஜம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது. "முகத்துலயும் இருந்துச்சு. ஒளிச் சிகிச்சை எடுத்ததுல முகம் சரியாயிடுச்சு. கல்யாணம் முடிவானதும் அம்மா நிறுத்திட்டாங்க. கை அப்படியே நின்னுபோச்சு."

அவள் நாத்தனாருக்கு நேரே திரும்பினாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும். எது வேலை செய்யும்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எம்பிள்ளை கண்ணுல எண்ணெயைத் தேய்ச்சீங்க!"

"கத்தாதே. என் பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம். டாக்டர்கிட்ட போனா குடும்பத்துல யாருக்குன்னு கேப்பாங்க, வெளிய தெரிஞ்சா..."

"உங்க பொண்ணு கல்யாணத்துக்கு எம்பொண்ணு முகம்தான் கிடைச்சுதா? அப்படித்தான் கத்துவேன்! உங்க தம்பிக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்று ஜட்ஜம்மா தலையைக் குனிந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. பாவம் என்று தோன்றியதற்கே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. ஊரை ஏமாற்றுகிறார்கள், தொலையட்டும். கட்டிய பெண்டாட்டியை ஏமாற்றினானே அவன்! அதே வீட்டில், அதே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அவள் அப்பாவின் பாதத்தைத் தன் அம்மா துருவுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தானே!

மடியிலிருந்த வாலு திரும்பி அத்தையின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தை, உங்களுக்கும் எங்க அம்மாகிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சா?"

முத்தம் கொடுக்கப் போனால் இந்தக் குழந்தை ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று அவளுக்கு இத்தனை நாள் புரியவில்லை. இப்போது புரிந்தது.

"பிள்ளை கேக்குது அண்ணி. பதில் சொல்லுங்க."

"இல்லடி கண்ணு" என்றாள் ஜட்ஜம்மா. "அம்மாகிட்ட இருந்து இல்ல. இது யார்கிட்ட இருந்தும் ஒட்டாது."

"டாக்டர், சிகிச்சையை ஆரம்பிங்க" என்றாள் அவள். யார் முகத்தையும் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. குழந்தையைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "இப்ப சொன்னதை வீட்ல சொல்லணும். உங்க அம்மா, உங்க தம்பி, எங்க அப்பா அம்மா எல்லாரையும் உட்கார வச்சு."

"சொல்றேன். மெதுவா எடுத்து..."

"மெதுவா வேண்டாம். எங்க பரம்பரையை இழுத்துத் திட்டினப்ப தெருவுக்கே கேட்டுச்சு இல்ல? அந்தக் குரல்ல சொல்லுங்க."